இரத்தம் சொல்லும் சாட்சி

2020-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 8-ஆம் நாள், பொழுது புலருமுன், ஈராக் நாட்டின் மேற்குப் பாலைவனத்திலுள்ள அல் அசாத் விமானப்படைத் தளத்தின்மீது ஈரான் நாட்டு ஏவுகணைகள் வந்து விழுந்தன. அங்கிருந்த அமெரிக்க வீரர்கள் முன்கூட்டியே எச்சரிக்கை பெற்றிருந்தமையால் பதுங்குகுழிகளில் ஒடுங்கியிருந்தனர். புகை அடங்கியபின் எண்ணிப் பார்த்தார்கள். இறந்தவர் ஒருவருமில்லை, கைகால் இழந்தவரும் இல்லை. எவருக்கும் தீங்கு நேரவில்லை என்று அமெரிக்க அரசு உலகுக்கு அறிவித்தது. இறைவனுக்கு நன்றி என்று பல இல்லங்களில் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

ஒரு வாரம் கழிந்தபின், 11 வீரர்கள் மூளை அதிர்ச்சியின் காரணமாக வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டனர் என்ற செய்தி வந்தது. சில நாட்களில் அவ்வெண் 34 ஆயிற்று; பின்னர் 50 ஆயிற்று; பிப்ரவரியில் நூறைத் தாண்டி, முடிவில் 110-இல் நின்றது. இதற்கிடையில் இதுபற்றிக் கேட்கப்பட்ட அந்நாட்டுக் குடியரசுத் தலைவர், அவர்களுக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டதாகவும், அது அத்துணைக் கடுமையானதன்று எனவும் மறுமொழி பகர்ந்தார். போரில் காயமுற்றோருக்கு அந்நாடு அளிக்கும் ஊதா இருதயப் பதக்கம் அவர்களுள் 29 பேருக்கு அவ்வாண்டிலேயே வழங்கப்பட்டது. மேலும் 39 பேர் 2021 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய ஐயப்பாடு புதியதன்று. முதல் உலகப் போரின்போது, 1915-இல், சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் லான்செட் என்ற மருத்துவ ஏட்டில் எழுதிய கட்டுரையினால் 'ஷெல் ஷாக்', அதாவது குண்டு அதிர்ச்சி, என்ற பெயர் எங்கும் பரவிற்று. குண்டு வெடித்த இடத்தருகே நின்ற வீரனின் மேனியில் ஒரு வடுவும் இராது. ஆயினும் கை நடுங்கும், நினைவு தவறும், பேச்சு குழறும். இது மூளையின் காயமா, மனத்தின் காயமா, அன்றி வெறும் கோழைத்தனமா என்று அந்நாளைய தளபதிகளும் மருத்துவர்களும் வாதிட்டனர். வாதம் முடியுமுன்னரே தண்டனை முந்திக்கொண்டது. கோழைத்தனம், படையைவிட்டு ஓடுதல் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியப் படையில் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006-ஆம் ஆண்டில்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. குண்டு அதிர்ச்சியால் நிலைகுலைந்தோரும் அவர்களுள் இருந்தனர். கண்ணுக்குப் புலப்படாத காயத்திற்குச் சாட்சி இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அந்தச் சாட்சியை இன்று விஞ்ஞானிகள் ஒரு சிறு குழாய் இரத்தத்தில் தேடிக் கண்டிருக்கிறார்கள். போர்க்களத்திற்கும் நம் பங்குக் குடும்பங்களுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். மாடிப்படியில் வழுக்கி விழும் பாட்டியும், மோட்டார் சைக்கிளிலிருந்து தெறித்து விழும் மகனும் பெறுகின்ற காயம் அதே காயந்தான்.

நம் மூளை மண்டையோட்டுக்குள் நீரில் மிதப்பது போல அமைந்திருக்கிறது. விரைந்தோடும் பேருந்து சடுதியில் நின்றால் உள்ளே நிற்பவர் முன்னே சாய்வதைப் போல, தலை சடுதியில் அசைந்து நிற்கும்போது மூளையும் அசைந்து முறுக்குண்கிறது. நூலினும் நுண்ணிய நரம்பிழைகள் அம்முறுக்கில் இழுபடுகின்றன. நினைவு தப்பினால்தான் மூளைக்கு அடி என்று நம்மவர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஒரு கணமும் மயங்காதவருக்கும் மூளை அதிர்ச்சி உண்டாகலாம்.

இதனை அளவிட 1974-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்களான கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் ஆகிய இருவரும் ஓர் எளிய முறையை வகுத்தனர். கண் திறக்கிறாரா, பேச்சு தெளிவாயிருக்கிறதா, சொன்னபடி கைகால் அசைக்கிறாரா என்று பார்த்து மதிப்பெண் இடுவார்கள். குறைந்தது 3, நிறைந்தது 15. இதில் 13 முதல் 15 வரை பெறுவோர் 'இலேசான' காயமுற்றோர் எனப்படுவர். இச்சொல்லை நாம் விரும்புவதில்லை. உயிருக்கு உடனடி ஆபத்துக் குறைவு என்பதே மருத்துவரின் கருத்து. ஆனால் வீட்டாரோ, ஒன்றுமில்லை என்று பொருள் கொள்கிறார்கள். 2025-இல் லான்செட் நியூராலஜி ஏட்டின் வழியே பன்னாட்டு அறிஞர் குழுவொன்று இச்சொல்லையே விட்டுவிட்டு, நோயாளியின் நிலை, இரத்தச் சோதனை, ஸ்கேன் படம், அவரது வாழ்க்கைச் சூழ்நிலை ஆகிய நான்கையும் சேர்த்துச் சொல்லும் புதிய முறையை முன்வைத்திருப்பது நமக்கு மனநிறைவு தருகிறது.

ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடாதா? 1971-ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டன் மாநகரின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த கருவியைக்கொண்டு முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அதற்காக அவருக்கு 1979-இல் நோபெல் பரிசும் கிட்டியது. எத்தனையோ இலட்சம் உயிர்களைக் காத்த கருவி அது. மண்டைக்குள் இரத்தம் கசிந்து தேங்கியிருப்பதை அது வெளிச்சமிட்டுக் காட்டிவிடும். அந்த இரத்தக் கசிவுதான் ஆளைக் கொல்வது. 2009 மார்ச் 16 அன்று கனடா நாட்டில் பனிச்சறுக்குப் பயிலும்போது விழுந்த நடிகை நட்டாஷா ரிச்சர்ட்சன், தமக்கு ஒன்றுமில்லை என்று கூறி ஆம்புலன்சைத் திருப்பி அனுப்பிவிட்டார். சிறிது நேரத்தில் தலைவலி கண்டது. மார்ச் 18-இல் உயிர் நீத்தார். மண்டையோட்டிற்கும் மூளையுறைக்கும் இடையே தேங்கிய இரத்தமே காரணம். அப்போது அவருக்கு வயது 45.

ஆகவே, ஸ்கேன் எடுப்பது வீண் என்று நாம் சொல்லவில்லை. எனினும் இலேசான காயம் என்று வருவோருக்கு எடுக்கப்படும் ஸ்கேன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை எக்குறையும் காட்டுவதில்லை. ஸ்கேனுக்குப் பணம் வேண்டும்; பல சிற்றூர்களிலிருந்து நெடுந்தொலைவு செல்லவும் வேண்டும்; கதிர்வீச்சும் சாதாரண எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு அதிகம். யாருக்கு எடுப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது? இவ்விடத்தில்தான் இரத்தம் பேச வருகிறது.

மாரடைப்போ என்று ஐயுறும்போது மருத்துவர் டிரோப்போனின் என்னும் புரதத்தை இரத்தத்தில் தேடுவார் என்பதை வாசகர் பலர் அறிவர். இதயத் தசை நைந்தால் அப்புரதம் இரத்தத்தில் கசியும். மூளைக்கும் அத்தகையதொரு சாட்சி கிடைக்காதா என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் தேடினர். முதலில் அகப்பட்டது 1965-இல் பிளேக் மூர் கண்டறிந்த எஸ்-100 என்னும் புரதம். ஒரு குறிப்பிட்ட உப்புக் கரைசல் நூற்றுக்கு நூறு செறிந்திருக்கும்போதும் அது கரைந்தே நின்றமையால் இப்பெயர் பெற்றது. ஸ்கான்டிநேவிய நாடுகளின் மருத்துவர்கள் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறியில் இதன் ஒரு வகையைச் சேர்த்துக்கொண்டனர். அடிபட்ட ஆறு மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்து, அப்புரதம் ஒரு லிட்டரில் 0.10 மைக்ரோகிராமுக்குக் குறைவாயிருந்தால், ஆபத்துக் குறைந்த நோயாளியை ஸ்கேன் எடுக்காமலே அனுப்பலாம் என்றனர். ஆனால் இச்சாட்சிக்கு ஒரு குறையுண்டு. கொழுப்பிலும் அப்புரதம் உள்ளது. கால் முறிந்தவர் இரத்தத்திலும் அது ஏறிவிடும்; தலைக்கு அடியே படாதிருக்கலாம். வேறு வழக்கிலும் வந்து சாட்சி சொல்கிறவனை நீதிமன்றம் எவ்வளவு நம்பும்?

ஆகையால் மூளைக்கே பெரிதும் உரிய புரதங்களை நாடினர். இரண்டு அகப்பட்டன. ஒன்றின் பெயர் ஜி.எஃப்.ஏ.பி. நரம்பணுக்களுக்கு ஊட்டமும் தாங்கலுமாக நிற்கும் விண்மீன் வடிவ அணுக்களுக்குள் சாரம் கட்டியதுபோல் நிற்பது அது. மற்றொன்றின் பெயர் யு.சி.எச்.-எல்-1. இது நரம்பணுக்களுக்குள் பழுதான புரதங்களை அப்புறப்படுத்தும் வேலைக்கு உதவுவது. அடிபட்டு அணுக்கள் சிதையும்போது இவ்விரண்டும் மெல்ல இரத்தத்தில் வந்து சேருகின்றன. இரண்டாவது விரைந்து ஏறி, ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் உச்சமடைந்து இறங்கிவிடும். முதலாவது ஏறக்குறைய இருபது மணி நேரத்தில் உச்சமடைந்து, பல நாட்கள் தங்கும். ஒன்று விரைவாக ஓடிவரும் சாட்சி. மற்றொன்று நின்று நிதானமாகப் பேசும் சாட்சி.

இவற்றின் அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லி லிட்டரில் 22 பிகோகிராம் ஜி.எஃப்.ஏ.பி. இருந்தாலே சோதனை 'உண்டு' என்று கூறுமாறு அன்று எல்லை வகுத்தனர். ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு பிகோகிராம். இதை எண்ணும்போது, இவ்வளவு நுண்ணியதைப் படைத்தவரையும், அதைத் தேடிக் காணும் மதியை மனிதனுக்கு ஈந்தவரையும் நினையாதிருக்க இயலவில்லை.

அமெரிக்கப் படைத்துறையின் பொருளுதவியோடு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாக 22 மருத்துவமனைகளில் பெரியதோர் ஆய்வு நடைபெற்று, அதன் முடிவு 2018-இல் வெளியாயிற்று. தலையில் அடிபட்டு ஸ்கேனுக்கு அனுப்பப்பட்ட 1,959 பேரின் இரத்தம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டது. ஸ்கேனில் காயம் தென்பட்டது 125 பேருக்கு. இரத்தச் சோதனை 671 பேருக்கு 'இல்லை' என்றது. அந்த 671 பேரில் ஸ்கேனில் காயம் இருந்தவர் மூவர் மாத்திரமே. மூன்றில் ஒரு பங்கினரை, மிகச் சிறிய ஐயத்தோடு, ஸ்கேன் இன்றியே அனுப்பியிருக்கலாம் என்பது இதன் பொருள். அவ்வாண்டு பிப்ரவரியிலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இச்சோதனைக்கு இசைவளித்தது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். சோதனை 'உண்டு' என்று கூறியது 1,288 பேருக்கு. அவர்களுள் ஸ்கேனில் காயம் இருந்தவர் 122 பேரே. ஆகவே இச்சாட்சி 'இல்லை' என்று சொல்லும்போது பெரிதும் நம்பத்தக்கவர். 'உண்டு' என்று சொல்லும்போது தீர விசாரிக்கப்பட வேண்டியவர். முதியோர் இரத்தத்தில் ஜி.எஃப்.ஏ.பி. இயல்பாகவே சற்று மிகுந்திருப்பதும் ஒரு சிக்கல்.

அதன்பின் கருவி சிறுத்தது; காலமும் சுருங்கியது. 2021 ஜனவரியில் அபட் நிறுவனத்தின் ஐ-ஸ்டாட் என்னும் கையடக்கக் கருவி இசைவு பெற்றது. பதினைந்து நிமிடங்களில் விடை. எனினும் இரத்தத்தைச் சுழற்றித் தெளிநீர் பிரிக்க வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் அதுவும் வேண்டாமற்போயிற்று. நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தை அப்படியே இட்டாற் போதும்; அடிபட்டு 24 மணி நேரம் வரை செய்யலாம். பாலைவனத்துப் பதுங்குகுழி ஒன்றின் வாயிலிலேயே வைத்துச் செய்யத்தக்க அளவுக்கு இது எளிதாகியிருக்கிறது. அல் அசாத் வீரர்களுக்கு நான்காண்டு பிந்தி வந்தது.

இனி நாம் வலியுறுத்த விரும்புவதற்கு வருவோம். 'இல்லை' என்னும் விடைக்கு, ஸ்கேனில் தெரியத்தக்க இரத்தக் கசிவு இராது என்பதே பொருள். இவருக்கு நோவு இல்லை, இவர் நடிக்கிறார் என்று எந்தக் கருவியும் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. ஸ்கேனின் நிலையும் அதுவே. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கேன் குற்றமற்றிருந்த 450 பேருக்குப் பின்னர் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தனர். 120 பேருக்கு அதில் காயம் தென்பட்டது. அவர்களின் ஜி.எஃப்.ஏ.பி. அளவு மற்றவர்களினும் உயர்ந்திருந்தது. ஸ்கேன் காணாததை இரத்தம் கண்டிருந்தது என்க. அதே ஆண்டில் அமெரிக்காவின் பெரிய விபத்துச் சிகிச்சை நிலையங்களிலிருந்து வந்த மற்றோர் ஆய்வு, 'இலேசான' மூளைக் காயமுற்றோரில் 53 விழுக்காட்டினர் ஓராண்டு சென்றபின்னும் அன்றாட வாழ்வில் இடர்ப்பட்டதாகக் கூறியது. தலையன்றிக் கைகாலில் மட்டும் அடிபட்டோரில் அது 38 விழுக்காடு.

தலை பாரமாயிருக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, கணக்கு ஓடவில்லை, காரணமின்றிச் சினம் வருகிறது, தூக்கமில்லை. இவ்வாறு சொல்லும் கணவனை, "ஸ்கேனில்தான் ஒன்றுமில்லை என்றார்களே, வேலைக்குப் போங்கள்" என்று மனைவி நெருக்குவதும், மருமகளை மாமியார் சோம்பேறி என்பதும் நம் இல்லங்களில் கேட்கிற பேச்சுகளே. காயத்தைத் தொட்டுப் பார்த்தாலொழிய நம்பேன் என்ற புனித தோமையாருக்கு ஆண்டவர் காயத்தைக் காட்டினார். எல்லாருக்கும் காட்டத்தக்க காயம் அமைந்துவிடுவதில்லையே!

இன்னும் இருவகைப்பட்டோரைப் பற்றிக் கூறாமல் இருக்க முடியாது. ஒருவர், மது அருந்திவிட்டு வழியில் விழுந்தவர். தள்ளாடுகிறார், குழறுகிறார், வாந்தி எடுக்கிறார். 'குடிவெறி, தூங்கினால் தெளிந்துவிடும்' என்று திண்ணையில் கிடத்திவிடுகிறார்கள். மதுவின் அறிகுறியும் மண்டைக்குள் தேங்கும் இரத்தத்தின் அறிகுறியும் பார்வைக்கு ஒன்றே. தலையில் அடியோ வீக்கமோ இருக்குமாயின், குடித்திருப்பதே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இன்னுமொரு காரணம். அவருடைய பாவத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். மற்றொருவர், வீட்டிலேயே அடிபடும் பெண். கதவில் இடித்துக்கொண்டேன் என்பார். சுவரில் மோதப்பட்ட தலைக்கு மூளை அதிர்ச்சி வராதென்று யார் சொன்னது? திரும்பத் திரும்ப வரும் அவளுடைய தலைவலியையும் மறதியையும் குடும்பத்தின் மானத்துக்காக மூடி மறைப்பது கிறிஸ்தவப் பொறுமை ஆகாது. மருத்துவரிடம் உள்ளபடி சொல்லுதல் வேண்டும். பெண்களுக்கான உதவிக்கு 181 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது.

மேற்சொன்ன இரத்தச் சோதனை கிடைக்கும் இடத்தைத் தேடி எவரும் அலைந்து நேரத்தை இழக்க வேண்டா. அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், எழுப்பினால் எழாதபடி மயங்கினாலும், வலிப்புக் கண்டாலும், ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாயிருந்தாலும், காதிலோ மூக்கிலோ நீர்போல் ஒழுகினாலும், ஒரு பக்கம் வலுவிழந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அறுபதைக் கடந்தவர்களும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களும் இவ்வறிகுறிகள் தோன்றும்வரை காத்திராமல் மருத்துவரைக் காணுதல் நன்று. விழுந்த நேரத்தை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதுவே. சாலை விபத்தானால், தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தின்படி முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கமாட்டார்கள் என்பதையும், விபத்தில் உதவுவோரைக் காக்க 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் நல்ல சமாரியன் பெயராலேயே ஒரு பிரிவு உண்டு என்பதையும் அறிந்து வையுங்கள்.

மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிய பின் முதல் இரவு ஒருவர் உடனிருக்க வேண்டும். துரோவா நகரில் புனித சின்னப்பர் நள்ளிரவுவரை பேசிக்கொண்டிருக்க, சன்னலில் அமர்ந்து உறங்கிப்போன இளைஞன் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த நிகழ்ச்சி திருத்தூதர் பணிகள் நூலின் 20-ஆம் அதிகாரத்தில் உள்ளது. நம் மறையுரையின் நீளத்தைக் குறைகூறும் அன்பர்கள் அப்பகுதியை நமக்கு அடிக்கடி நினைவூட்டுவதுண்டு! அவர்கள் கவனியாது விடுவது, விடியும்வரை புனிதர் அவ்விடம்விட்டு அகலவில்லை என்பதையே.

பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். அமெரிக்க இசைவு பெற்ற இச்சோதனை பதினெட்டு வயது நிரம்பியோருக்கே உரியது. ஆகையால் ஊஞ்சலிலிருந்து விழுந்த சிறுவனுக்கு மருத்துவரின் கண்ணும் தாயின் கண்ணுமே இன்னும் முதற் கருவிகள். இருட்டறையில் பல நாள் படுக்க வைக்கும் பழைய வழக்கம் இன்று கைவிடப்பட்டுவிட்டது. ஓரிரு நாள் ஓய்வு. பின்னர்ச் சிறிது நடை, சிறிது படிப்பு, தலைவலி மிகுந்தால் சற்றே குறைத்துக்கொள்ளுதல். தேர்வு நெருங்குகிறதே என்று பெற்றோர் பதைப்பது நமக்குத் தெரியும். வகுப்பாசிரியரிடம் நேரில் சென்று நடந்ததைச் சொல்லி, வீட்டுப்பாடத்தில் இரண்டு வாரச் சலுகை கேளுங்கள். கபடிக்கும் கால்பந்துக்கும் மட்டும் மருத்துவரின் அனுமதியின்றி அனுப்பாதீர்கள். முதல் அடி ஆறுமுன் இரண்டாம் அடி பட்டால் மூளை சடுதியில் வீங்கி, அரிதாக உயிருக்கே ஆபத்தாய் முடிந்ததுண்டு.